அகலமான சாலையில் ஏன் நெரிசல்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: நகரம் வேகமாக வளர்கிறது. சாலையை இரண்டு மடங்கு அகலமாக்கினார்கள். ஓராண்டு நன்றாக இருந்தது, இப்போது பழையபடி நிற்கிறோம். நெரிசலுக்கு உண்மையான காரணம் என்ன, அது நகரத்தை என்ன செய்கிறது, அடுத்து வரப்போகும் மேம்பாலமாவது உதவுமா?

வழக்கமாகக் கிடைக்கும் பதில் "வண்டிகள் பெருகிவிட்டன" என்பது. பொய்யில்லை. ஆனால் காய்ச்சல் ஏன் வந்தது என்று கேட்டால் உடம்பு சுடுகிறது என்று சொல்வதைப் போன்ற பதில் அது. வண்டிகள் ஏன் பெருகின, பெருகியவை ஏன் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வருகின்றன, அங்கே ஏன் நகர முடியவில்லை என்று மூன்று கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் கண்ணால் பார்க்கக்கூடியது.

நான் சில ஆண்டுகள் சந்திப்புகளில் நின்று வண்டி எண்ணும் வேலை பார்த்தவன். சிக்னலில் பச்சை விழுந்ததும் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். முதல் வண்டிக்காரர் விளக்கைப் பார்த்து, கியர் போட்டு நகர்வதற்குள் இரண்டு மூன்று விநாடி போய்விடும். அதன்பிறகு ஒரு தடத்தில் (லேனில்) ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒரு வண்டி கோட்டைத் தாண்டும். ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது பெரிதாக மாறாது. 30 விநாடிப் பச்சையில் ஒரு தடத்தில் 14 வண்டி போகும், அவ்வளவுதான். நான்கு பக்கமும் மாறிமாறிப் பச்சை வர இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 30 முறை பச்சை, 420 வண்டி. அதே தடம் சிக்னல் இல்லாத நடுச்சாலையில் மணிக்கு 1,800 வண்டியைத் தாங்கும்.

அதாவது சாலையில் எத்தனை வண்டி போக முடியும் என்பதைத் தீர்மானிப்பது சாலை இல்லை, சந்திப்பு. பானை எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, தண்ணீர் வெளியே வருவது கழுத்து வழியாகத்தான். இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே உள்ள துண்டை மட்டும் அகலமாக்கினால், முன்பு நீளமாக நின்ற வரிசை இப்போது அகலமாக நிற்கும். காத்திருக்கும் நேரம் மாறாது. பல ஊர்களில் "சாலை விரிவாக்கம்" என்ற பெயரில் நடப்பது இதுதான். நடைபாதையையும் மரங்களையும் எடுத்துவிட்டு வண்டிகள் நிற்பதற்கு இடம் கூட்டுகிறார்கள்.

அப்புறம் நெரிசலுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அது படிப்படியாக வருவதில்லை. நிமிடத்துக்கு 30 வண்டி போகக்கூடிய ஒற்றைத் தடப் பாலம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். 29 வந்தால் பிரச்சினையே இல்லை. காலையில் ஒரு மணி நேரத்துக்கு நிமிடத்துக்கு 33 வண்டி வருகிறது. மூன்றே மூன்று வண்டிதான் அதிகம். ஆனால் ஒரு மணி நேர முடிவில் 180 வண்டி பாக்கி. வண்டிக்கு 7 மீட்டர் வீதம் அது ஒன்றேகால் கிலோமீட்டர் வரிசை. கடைசியில் நிற்பவருக்கு ஆறு நிமிடத் தாமதம். அதன்பின் வருகை நிமிடத்துக்கு 27 ஆகக் குறைந்தாலும் அந்த வரிசை கரைய இன்னொரு மணி நேரம் ஆகும். பத்தில் ஒரு பங்கு அதிகம், அதுவும் ஒரு மணி நேரம்தான். விளைவு இரண்டு மணி நேர நெரிசல்.

பள்ளிக்கூட விடுமுறையில் சாலை காலியாக இருப்பதுபோல் தோன்றுவதன் ரகசியமும் இதுவே. வண்டிகள் பாதியாகக் குறைந்துவிடுவதில்லை. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வரிசை உருவாகாமல் போகிறது.

இதே கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பாலத்தில் வரிசை தொடங்கும் நேரத்தில் நீங்கள் ஒருவர் கூடுதலாக நுழைகிறீர்கள். உங்களுக்குத் தாமதமே இல்லை. ஆனால் உங்கள் வண்டி எடுத்துக்கொண்ட இரண்டு விநாடி, வரிசை கரையும் வரை பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் போய்ச் சேருகிறது. இரண்டு மணி நேரத்தில் பின்னால் வருபவர்கள் 3,600 பேர். தலைக்கு இரண்டு விநாடி என்றால் மொத்தம் இரண்டு மணி நேரம்! நீங்கள் எதையும் இழக்காமல் ஊரிடமிருந்து இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டீர்கள், அது உங்களுக்குத் தெரியவும் இல்லை. ஒவ்வொருவரும் தன் கணக்கில் சரியாகத்தான் முடிவெடுக்கிறார். எல்லாருடைய சரியான முடிவும் சேர்ந்து எல்லாரையும் நிறுத்திவைக்கிறது. ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆர்தர் பிகூ 1920-லேயே இதைச் சாலை உதாரணத்தோடு எழுதிவிட்டார்.

வரிசை நீண்டு பின்னாலிருக்கும் முந்தைய சந்திப்பை எட்டும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. பாலத்துக்கே போகாதவர்களும், குறுக்கே கடந்து வேறெங்கோ போகவேண்டியவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். பச்சை விழுந்தும் முன்னால் இடம் இல்லை. ஆனாலும் ஒருவர் சந்திப்பின் நடுவில் போய் நிற்கிறார், சிவப்பு விழுகிறது, குறுக்கே வருபவர்களுக்கு வழி அடைபடுகிறது. நான்கு பக்கமும் பூட்டிக்கொண்டுவிடும். இந்தக் கட்டத்தில் யாருடைய அகலமான சாலையும் உதவாது.

சில சமயம் காரணமே இல்லாமலும் நெரிசல் பிறக்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லாரையும் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சொன்னார்கள். 2008-இல் வெளியான ஆய்வு அது. சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் லேசாகத் தயங்க, பின்னால் வந்தவர் அதைவிடக் கொஞ்சம் அழுத்தி பிரேக் போட, முழுதாக நின்றுவிடும் ஒரு கொத்து உருவாகி, அலைபோலப் பின்னோக்கி நகரத் தொடங்கியது. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டுக் கடைசியில் ஒரு விபத்தையும் காணாமல் "எதுக்குடா நின்னோம்" என்று விழித்திருப்பீர்களே, அதுதான் இது.

ஓரமாக நிறுத்தும் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அஞ்சு நிமிஷம்தான்" என்று நிறுத்துபவர் ஒரு தடத்தை மூடுகிறார். இரண்டு தடத்தில் ஒன்று போனால் பாதி மிஞ்சும் என்று தோன்றும். அமெரிக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கையேட்டின்படி, ஒரு திசையில் இரண்டு தடம் உள்ள விரைவுச் சாலையில் ஒன்று அடைபட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய 35 விழுக்காடு. பாதியிலும் குறைந்துபோன அந்த 15 விழுக்காடு, வண்டிகள் ஒன்றோடொன்று நுழைய முண்டுவதில் வீணாகிறது. அதனால்தான் நெரிசல் நேரத்தில் ஒரு முக்கியச் சாலையில் வண்டி நிறுத்தத்தை ஒழுங்காகத் தடுத்தாலே ஒரு சின்ன மேம்பாலம் கட்டிய பலன் கிடைத்துவிடும். ஆனால் அதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது.

சரி, இவ்வளவு வண்டிகள் ஏன் ஒரே இடத்துக்கு வருகின்றன? இங்கேதான் "வளரும் நகரம்" என்ற சொல் முக்கியமாகிறது. நகரம் வளரும்போது வேலைகள் நடுவிலேயே குவிகின்றன. அங்கே நிலத்தின் விலை ஏறுகிறது. குடும்பங்கள் வாங்கக்கூடிய விலைக்கு வீடு தேடி வெளியே போகின்றன. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே இருந்த நாலு கிலோமீட்டர் பதினாலு ஆகிறது. மக்கள்தொகை இரண்டு மடங்கானால் சாலையில் ஓடும் மொத்தத் தூரம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. ஆளும் கூடுகிறார், ஆளுக்கு ஆகும் தூரமும் கூடுகிறது, இரண்டையும் பெருக்க வேண்டும்.

வெளியே அந்தக் குடியிருப்புகள் எப்படி உருவாகின்றன என்பதும் பெரிய விஷயம். ஒருவர் தன் நிலத்தை மனைகளாகப் பிரிக்கிறார். உள்ளே ஒழுங்கான தெருக்கள், வெளியே வர ஒரே வாசல். பக்கத்து நிலத்துக்காரரும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே சுவர். அந்த வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் கடைக்குப் போகக்கூட பிரதான சாலைக்கு வந்து, யூ-டர்ன் போட்டு, அடுத்த வாசல் வழியாக நுழைய வேண்டும். ஒரு காலத்தில் வயலுக்கு நடுவே போன ஒற்றைப் பாதைதான் இப்போது அத்தனை பேருக்கும் பிரதான சாலை. வரைபடத்தில் பார்த்தால் தெருக்களுக்குக் குறைவே இல்லை, ஆனால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வழி ஒன்றுதான். என்னைக் கேட்டால், வளரும் நகரங்கள் செய்கிற மிகப் பெரிய தவறு இதுதான். சாலை அகலத்தைப் பிறகுகூடச் சரிசெய்யலாம். வீடுகள் எழுந்தபின் ஒரு குறுக்குத் தெருவை உண்டாக்குவது பெரும்பாடு.

இனி, அகலப்படுத்திய சாலை ஏன் திரும்ப நிறைந்தது? நெரிசலுக்குப் பயந்து ஏற்கெனவே பலர் தங்களை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் ஆறரைக்கே கிளம்புகிறார்கள், சிலர் சுற்றுவழியில் போகிறார்கள், சிலர் ரயிலில் போகிறார்கள், சிலர் அந்தப் பக்கமே போவதில்லை. சாலை சரியானதும் ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். இதெல்லாம் சில மாதங்களில் நடந்துவிடும். அதன்பின் சில ஆண்டுகளில், "இப்போதுதான் அரை மணியில் போய்விடலாமே" என்று இன்னும் தள்ளி வீடு கட்டுகிறவர்கள் வருவார்கள். மனிதர்கள் சராசரியாக ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தைப் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். வேகம் கூடினால் மிச்சமாகும் நேரத்தை வீட்டில் செலவிடுவதில்லை, தூரமாக மாற்றிக்கொள்கிறோம்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஆன்டனி டவுன்ஸ் 1962-லேயே, நெரிசல் நேரத்தில் நகர்ப்புற விரைவுச் சாலை எப்போதும் அதன் கொள்ளளவு வரை நிறைந்துவிடும் என்று சொன்னார். டுரான்டன், டர்னர் என்ற இருவர் 2011-இல் அமெரிக்க நகரங்களின் தரவுகளை அலசியபோது, சாலைத் தடங்களின் மொத்த நீளம் எத்தனை விழுக்காடு கூடியதோ ஏறக்குறைய அதே விழுக்காடு வண்டி ஓட்டமும் கூடியிருந்தது. ஹூஸ்டன் நகரின் கேட்டி விரைவுச் சாலையைச் சில இடங்களில் பக்கச் சாலைகளையும் சேர்த்து 26 தடம் வரை அகலமாக்கி 2008-இல் முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே நெரிசல் நேரப் பயணம் மறுபடி நீளத் தொடங்கியது. இதற்காகச் சாலையே போடக்கூடாது என்று சொல்லவில்லை. கூடுதலான ஆட்கள் பயணம் செய்ய முடிந்ததும் ஒரு பலன்தான். ஆனால் "நெரிசலைத் தீர்க்க" என்று பலகை மாட்டிவிட்டு அகலமாக்குவதை நான் நம்புவதில்லை.

பேருந்தின் கதை வேறு. நெரிசல் அதைத்தான் முதலில் கொல்கிறது. ஒரு பேருந்து வழியில் ஆறு பேருந்துகள், போய்வர ஒரு மணி நேரம் என்றால் நிறுத்தத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும். நெரிசலால் சுற்று ஒன்றரை மணி நேரமானால், அதே ஆறு வண்டிக்குப் பதினைந்து நிமிட இடைவெளி. நிறுவனம் ஒரு பைசாவையும் குறைக்கவில்லை, ஒரு ஓட்டுநரையும் நீக்கவில்லை, ஆனாலும் சேவையில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போய்விட்டது. பழைய நிலைக்குத் திரும்ப ஒன்பது வண்டி வேண்டும். கிடைக்காது. காத்திருந்து சலித்தவர் தவணையில் ஒரு டூவீலர் வாங்குகிறார், அதுவும் சாலைக்கு வருகிறது, பேருந்து இன்னும் மெதுவாகிறது. ஒரு முறை டூவீலருக்குப் போனவர் பேருந்துக்குத் திரும்புவது அரிது. இடக் கணக்கையும் பாருங்கள்: 60 பேர் ஒரு பேருந்தில் போனால் 12 மீட்டர். அதே 60 பேர் காருக்கு ஒன்றரைப் பேர் வீதம் போனால் 40 கார், நெருக்கி நின்றாலே 280 மீட்டர்.

விளைவுகள் என்றதும் வீணாகும் நேரம், எரிபொருள், புகை என்று எல்லாரும் எழுதுவதுதான். அதில் இரண்டை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

தாமதத்தைவிடக் கொடியது நிச்சயமின்மை. தினமும் சரியாக 50 நிமிடம் ஆகும் பாதையோடு மனிதர்கள் வாழப் பழகிவிடுவார்கள். ஒரு நாள் 35, ஒரு நாள் 80 என்றால் தினமும் 80-க்கே கிளம்ப வேண்டும். நேர்முகத் தேர்வு, ரயில், மருத்துவரிடம் வாங்கிய நேரம் எதற்கானாலும் அந்த மோசமான நாளைத்தான் கணக்கில் வைக்க வேண்டியிருக்கிறது. சீக்கிரம் சேர்ந்துவிட்ட நாளில் மிஞ்சிய 45 நிமிடத்தை வாசலில் நின்றுதான் கழிக்க வேண்டும். சரக்கு விநியோகத்திலும் இதே கதை. நாலு வண்டி செய்த வேலைக்கு ஐந்து வண்டி வைக்கிறார்கள், அந்த ஐந்தாவதும் சாலையில்தான் நிற்கிறது. வீட்டுப் பொறுப்பும் தலையில் இருப்பவர்கள், பெரும்பாலும் பெண்கள், "அவ்வளவு தூரம் முடியாது" என்று நல்ல வேலையை விட்டுவிடுகிறார்கள். அந்த இழப்பு எந்தப் போக்குவரத்துக் கணக்கெடுப்பிலும் பதிவாகாது, ஏனென்றால் அவர் சாலைக்கே வரவில்லை.

இன்னொன்று உடல்நலம். நின்று நின்று நகரும் வண்டியின் புகை, ஓட்டுபவரோடு சாலையோரம் குடியிருப்பவரையும் பாதிக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் சுங்கச் சாவடிகளில் வண்டிகள் நிற்காமல் மின்னணு முறையில் கட்டணம் செலுத்தும் வசதி வந்தபின், சாவடியை ஒட்டி இரண்டு கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களிடம் குறைப்பிரசவமும் எடை குறைந்த பிறப்புகளும் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததை ஜேனட் கரி, ரீட் வாக்கர் இருவரும் 2011-இல் காட்டினார்கள். மருந்தில்லை, மருத்துவமனை இல்லை, வரிசை கலைந்தது அவ்வளவுதான். மின்சார வண்டிகள் வந்தால் புகை குறையும், நெரிசல் குறையாது. மின்சாரக் காரும் அதே 7 மீட்டரை அடைக்கும்.

நெரிசல் எல்லா வகையிலும் கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். நகர்ந்து நகர்ந்து போகும் சாலையில் உயிர்போகும் விபத்துகள் குறைவு. அதே அகலமான சாலை இரவு பதினோரு மணிக்குக் காலியாக இருக்கும்போதுதான் பயமாக இருக்கும். நெரிசலே இல்லாத நகரம் பெரும்பாலும் வேலையும் இல்லாத நகரம். பூஜ்யம் வேண்டாம், தாங்கக்கூடிய அளவு போதும்.

பலித்த வழிகளில் தெளிவான ஆதாரம் உள்ள வழி, நெரிசலான பகுதிக்குள் நுழையக் கட்டணம் வாங்குவது. பாலத்தில் கூடுதலாக நுழைந்த ஒருவர் ஊரிடமிருந்து எடுத்துக்கொண்ட அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு விலை வைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் 1975-இல் தொடங்கியது, லண்டன் 2003-இல். ஸ்டாக்ஹோம் 2006-இல் ஏழு மாதம் சோதித்துப் பார்த்தபோது எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனை முடிந்ததும் மறுபடி ஏறின. முன்பு எதிர்த்த மக்கள் வாக்கெடுப்பில் ஆதரித்தார்கள், 2007-இல் நிரந்தரமானது. இந்த யோசனைக்காக 1950-களிலிருந்து நியூயார்க்கில் வாதாடிய பேராசிரியர் வில்லியம் விக்ரி 1996-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் இறந்துபோனார். நியூயார்க் அதைச் செயல்படுத்தியது 2025 ஜனவரியில். ஆனால் கட்டணம் வைக்கும் முன் நல்ல பேருந்தும் ரயிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது வசதி இல்லாதவர்களுக்குப் போடும் தண்டனைதான். சியோல் நகரம் 2003-இல் செயோங்கியேசியோன் ஓடைமேல் இருந்த உயர்மட்டச் சாலையையே இடித்தது. நகரம் முடங்கிப்போகும் என்றார்கள், முடங்கவில்லை. 2004-இல் பேருந்துகளுக்குச் சாலையின் நடுவே தனித்தடம் கொடுத்து அந்தச் சேவையையே மாற்றியமைத்ததும் அதற்கு ஒரு காரணம்.

இனி உங்கள் மேம்பாலம். அது தாண்டும் சந்திப்பு நிச்சயம் சரியாகும், படங்களும் அழகாக வரும். நீங்கள் பார்க்க வேண்டியது அது இறங்கும் இடத்துக்கு அடுத்த சந்திப்பை. மாலை ஆறரைக்கு அங்கே போய், நடைபாதையில் பாதுகாப்பாக நின்றுகொண்டு, பாலத்தின் பக்கமிருந்து வருகிற சாலையை மட்டும் கவனியுங்கள். பச்சை முடிந்து சிவப்பு விழும்போது, போக முடியாமல் மிஞ்சிய வண்டிகளை எண்ணுங்கள். பத்து முறை எண்ணுங்கள், இருபது நிமிட வேலை. ஒவ்வொரு முறையும் மிச்சம் கூடிக்கொண்டே போனால், இப்போது பழைய சந்திப்பில் நிற்கிற வரிசைதான் பாலத்தின் மேல் போய் நிற்கும். பெரும்பாலும் மிச்சமே இல்லை என்றால், பாலம் சில ஆண்டுகளுக்கு உங்களுக்குக் கைகொடுக்கும்.